நாற்காலியைக் கழித்த பிறகு

2024 ஜூலை 8, திங்கள்: x + 9 = 15
ஜூலை 10, புதன்: 3x + 7 = 22
ஜூலை 26, வெள்ளி: 5x − 4 = 2x + 11
ஆகஸ்டு 14, புதன்: 2(x − 3) = 10
செப்டம்பர் 20, வெள்ளி: x/4 + 6 = 9
நவம்பர் 4, திங்கள்: 4(x − 2) = 3x + 7

தாமரை என் இருக்கையின் பக்கத்தில் நின்றபடி போட்ட கணக்குகளில் இவை ஆறு. ஆறுக்கும் சரியான விடை கண்டாள். ஆறாவதை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் அவளைப் பிடித்து நிறுத்தினேன். அன்று என் எதிர் இருக்கையில் இருந்த மனிதர் மயங்கிப் போனார்.

கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் டயாலிசிஸ் நிலையம். கீழே ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, ஒரு டயர்க் கடை. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மூன்று முறை மின்தூக்கியில் ஏறி வந்து, கையில் இரண்டு ஊசிகளோடு நான்கு மணி நேரம் சாய்ந்து கிடப்போம். உடம்பில் தேங்கிய நீரையும் கழிவையும் இயந்திரம் எடுக்கும். எவ்வளவு நீர் எடுப்பது என்பதை எடைதான் முடிவு செய்கிறது. நீர் தேங்காதபோது ஒருவர் என்ன எடை இருக்க வேண்டுமோ அதை மருத்துவர் குறித்துவைத்திருப்பார். டிரை வெயிட் என்று சொல்வார்கள். வந்ததும் நிறுத்துப் பார்த்து, அதிலிருந்து டிரை வெயிட்டைக் கழித்தால் எடுக்க வேண்டிய நீர் தெரிந்துவிடும். நிறுக்கிற வேலை தாமரையுடையது.

அவள் பண்டமாரானில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய், அறிவியல், வரலாறு எல்லாம் நன்றாக வாங்கியிருந்தாள். கணிதத்தில் மட்டும் ஜி. ஜி என்றால் தோல்வி. பிறகு மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலை, ஒரு லோரி ஓட்டுநரோடு கல்யாணம், ஒரு மகள், அதன் பின் இந்த நிலையம். நோயாளிகளை நிறுப்பாள், விரிப்பு மாற்றுவாள், வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காமல் துடைப்பாள். ஊசியைத் தொட மட்டும் அவளுக்கு அனுமதி கிடையாது. அது நர்ஸ்களின் வேலை.

“எட்டு வருஷமா பக்கத்துல நின்னு பாக்குறேன் அங்கிள்,” என்றாள் ஒருமுறை. “உங்க நரம்பு எங்க திரும்புது, எங்க ஆழமா போகுதுன்னு கண்ண மூடிட்டுச் சொல்வேன். ஆனா ஊசிய எடுத்துக் குடுக்கலாம், போடக் கூடாது. கோயில் வாசல்ல செருப்பு பாத்துக்கிற மாதிரி.”

நர்சிங் டிப்ளமாவில் சேரக் கணிதத்தில் கிரெடிட், அதாவது சி-க்குக் குறையாத தேர்ச்சி, வேண்டும். முப்பத்துமூன்று வயதில், தனித்தேர்வராகப் பெயர் பதிந்து, கணிதத்தை மறுபடி எழுதப் போகிறாள். இதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கையுறைப் பெட்டியைக் கிழித்த அட்டையின் பின்புறத்தில் அவள் எதையோ எழுதி அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் முப்பத்தாறு ஆண்டுகள் மழையளவும் ஆற்று மட்டமும் பதிந்தவன். எண்ணைக் கண்டால் கை நீளும். முதல் நாள் கணக்கு சரியாக இருந்தது. புதன்கிழமை மறுபடி அட்டையை வாங்கிப் பார்த்தேன். 3x + 7 = 22 என்று இருந்தது. அடுத்த வரியில் 3x = 29.

“இது என்ன, இருபத்தொன்பது?”

“ஏழு அந்தப் பக்கம் போச்சு அங்கிள். இருபத்திரண்டும் ஏழும் இருபத்தொன்பது.”

“ஏழு ஏன் அந்தப் பக்கம் போச்சு?”

“டீச்சர் போகச் சொன்னாங்க.” கொஞ்சம் யோசித்தாள். “பதினாறு வருஷம் முன்னால.”

எதிர் இருக்கையில் கந்தப்பு இருந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். சக்கர நாற்காலியில்தான் வருவார். அவரைக் காட்டி, “இன்னிக்கு அவரை எப்படி நிறுத்தே?” என்று கேட்டேன்.

“வீல்சேரோட மேடைல ஏத்தினேன். எழுபத்தெட்டு புள்ளி ஒன்னு.”

“அவர் அவ்வளவு கனமா?”

“ஐயோ இல்ல. வீல்சேர் பதினஞ்சு புள்ளி ஒன்னு. கழிச்சா அறுபத்து மூனு.”

“ஏன் கழிச்சே? கூட்டியிருக்கலாமே.”

மயக்க மருந்து கொடுத்துவிட்டார்களா என்பது போல என்னைப் பார்த்தாள். “வீல்சேர் அவரு உடம்பா அங்கிள்? அது சும்மா கூட வந்தது.”

“இந்த ஏழும் சும்மா கூட வந்ததுதான்.”

அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். இருபத்திரண்டில் ஏழைக் கழித்தாள். 3x = 15 என்று எழுதினாள். பேனாவை வாயில் வைத்துக்கொண்டு, “ஒரே எடையில மூனு பேரு. மூனு பேரும் சேந்து பதினஞ்சு. அப்ப ஒருத்தர் அஞ்சு,” என்றாள். பிறகு அவளே சிரித்தாள். “அஞ்சு கிலோ ஆளுக்கு யாரு லா டயாலிசிஸ் பண்ணுவா!”

“என்ர எடையை வச்சோ பாடம் நடக்குது?” என்றார் கந்தப்பு எதிரிலிருந்து. “அப்ப ஃபீஸ் எனக்கெல்லோ வரோணும்.”

அன்று முதல் எடை மேடைதான் எங்கள் கரும்பலகை. சமக்குறி என்பது மேடை. இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒரே எடை. ஒரு பக்கம் எதை இறக்கினாலும் மறுபக்கமும் இறக்க வேண்டும். 5x − 4 = 2x + 11 வந்தபோது, “இங்க ஒருத்தர்கிட்டேர்ந்து நாலு கிலோவைத் திருடிட்டாங்க. திருப்பிக் குடு. அந்தப் பக்கமும் நாலு குடு,” என்றேன். 5x = 2x + 15. “இப்ப ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ரெண்டு ரெண்டு ஆளை எறக்கு.” 3x = 15. “மறுபடியும் அஞ்சு கிலோ ஆளா!” என்றாள். அடைப்புக்குறி வந்தபோது அதை லிஃப்ட் என்றோம். லிஃப்டுக்கு வெளியே நிற்கும் எண் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரையும் பெருக்கும். கதவருகே நிற்பவரை மட்டும் பெருக்கிவிட்டுப் போகாது.

அவளுக்குக் கிடைத்த நேரம் குறைவு. எங்களையெல்லாம் இயந்திரத்தில் பூட்டியாகிவிட்ட பிறகு கொஞ்சம் ஓய்வு, அடுத்த அணி வருவதற்கு முன் கொஞ்சம். அந்த நேரத்துக்குள் எத்தனை கணக்கைத் தள்ள முடியுமோ அத்தனையையும் தள்ளினோம். விடை வந்ததும் அடுத்தது. அவள் வேகம் கூடக் கூட எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மனைவி போன பிறகு நான் பேசிய பேச்சில் பாதி அந்த மாதங்களில் பேசியதாகத்தான் இருக்கும்.

தீபாவளி வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையும் நிலையத்துக்கு விடுமுறை. புதனுக்குப் பிறகு டயாலிசிஸ் இல்லாததால், திங்கட்கிழமை எல்லோரும் நீர் கோத்த முகத்தோடு வந்தோம். நான் அன்று சீக்கிரமே வந்து, ஊசி போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தேன். தாமரை ஓடி வந்தாள். தேர்வுக்கு அதிக நாள் இல்லை. 4(x − 2) = 3x + 7 அவளை விடுமுறை முழுக்க அலைக்கழித்திருந்தது. லிஃப்டைத் திறந்தாள்: 4x − 8 = 3x + 7. இரு பக்கமும் மூன்று பேரை இறக்கினாள்: x − 8 = 7. அங்கே நின்றுவிட்டாள்.

வரவேற்பிலிருந்து நர்ஸ் ரோகிணி குரல் கொடுத்தாள். “தாமரை! கந்தப்பு அங்கிள் வந்தாச்சு!”

“போறேன் அங்கிள்.”

“ஒரே ஒரு வரி. நடுவுல விட்டா மறுபடி குழம்பிடும்.”

“அவரு திட்டுவாரு.”

“திட்டட்டும். எட்டை என்ன செய்யணும்?”

அவள் ஒரு காலை எடுத்துவைத்தபடியே நின்றாள். கண் வரவேற்பிலும் பேனா அட்டையிலும் இருந்தன. நான் அட்டையை விடவில்லை. ரோகிணி இரண்டாவது முறை கூப்பிட்டாள். கந்தப்புவின் குரலும் கேட்டது: “என்ன, நான் பார்சலோ இங்க கிடக்க?” அவள் x = 15 என்று எழுதிவிட்டு ஓடினாள்.

அன்று கந்தப்பு தன் நாற்காலியில் வரவில்லை. அதன் சக்கரம் தீபாவளியன்று உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியில் மனைவி குணபூசணி தள்ளிக்கொண்டு வந்திருந்தார். நாற்காலியின் முதுகுப் பக்கம் துண்டு தொங்கியது. நாற்காலியோடு எடை 79.8. தாமரைக்கு அவருடைய நாற்காலியின் எடை மனப்பாடம். 15.1-ஐக் கழித்து 64.7 என்று எழுதினாள். அவருடைய டிரை வெயிட் 61. எடுக்க வேண்டிய நீர் 3.7 லிட்டர் என்றாகியது.

“மூனு புள்ளி ஏழா!” என்றாள் ரோகிணி இயந்திரத்தில் எண்ணைப் போட்டுக்கொண்டே. “எத்தனை வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்துக்குப் போனீங்க அங்கிள்?”

“ஒரு முறுக்குத்தான் சாப்பிட்டனான் பிள்ளை.”

“ஒரு முறுக்கு மூனு கிலோவா?”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அந்த இரவல் நாற்காலி 16.8 கிலோ. அவர் உண்மையில் 63 கிலோதான் இருந்தார். எடுக்க வேண்டியது இரண்டு லிட்டர். ஆளை இறக்கியதும் வெறும் நாற்காலியை மேடையில் ஏற்றி நிறுக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. நாற்காலி மாறாதவர்களுக்கு யாரும் அதைச் செய்வதில்லை. ஒரு தாளில் எடையை எழுதிப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். அன்று துண்டை விலக்கிப் பார்த்திருந்தால் அங்கே தாளே இல்லை என்று தெரிந்திருக்கும்.

மூன்றாவது மணி நேரத்தில் கந்தப்பு கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டார். பிறகு கால் குறண்டிப் பிடித்து இழுக்கிறது என்றார். முகம் சாம்பல் பூசியது போலாகி, வாய் ஒரு பக்கமாகத் திறந்தது. ரோகிணி ஓடி வந்து இருக்கையைத் தலைப் பக்கம் தாழச் சாய்த்து உப்புநீரைத் திறந்துவிட்டாள். தாமரை அவர் கன்னத்தைத் தட்டித் தட்டி, “அங்கிள், அங்கிள், என்னப் பாருங்க,” என்று கத்தினாள். குணபூசணி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். என் கையில் ஊசிகள். என் ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. எழ முடியாது. மடியில் x = 15 என்ற அட்டை. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கொண்டுபோன பிறகு தாமரை எடை மேடைக்குப் போய், மூலையில் கிடந்த இரவல் நாற்காலியை ஏற்றினாள். எண்ணைப் பார்த்தாள். இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கந்தப்பு பிழைத்துக்கொண்டார். ஆனால் இரத்த அழுத்தம் அவ்வளவு இறங்கியதில், டயாலிசிஸுக்காக அறுவை செய்து சேர்த்திருந்த கை நரம்பில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது. மருத்துவமனையில் எவ்வளவோ முயன்றும் திறக்கவில்லை. கழுத்தில் குழாய் செருகி அனுப்பினார்கள். இன்னொரு கையில் புதிதாக அறுவை செய்து, அது பக்குவமாகும் வரை அந்தக் குழாய்தான். குழாய் இருக்கும்வரை நனையக் கூடாது, குனியக் கூடாது, காய்ச்சல் வந்தால் ஓட வேண்டும்.

தாமரைக்குக் காரணம் கேட்டு நிர்வாகம் கடிதம் கொடுத்தது. அவள் அன்றே பதில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அதில் என்ன இருந்தது என்று ரோகிணிதான் சொன்னாள். “முழுக்க முழுக்க என் கவனக்குறைவு, வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லன்னு எழுதிட்டா அங்கிள். நான் ரெண்டு தடவ கூப்பிட்டேன்னுகூட எழுதல. நானும் அந்த மூனு புள்ளி ஏழப் பாத்துச் சிரிச்சேன்ல? அதயும் எழுதல.”

நான் மேனேஜர் ராஜேஷ்குமாரின் அறைக்குப் போனேன். இளைஞர், மரியாதை தெரிந்தவர். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அவளை நிறுத்திவைத்தது நான். அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டது நான்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “அங்கிள், நீங்க பேஷண்ட். உங்களுக்கு ஷோ காஸ் லெட்டர் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல.”

“அப்ப நான் எழுதிக் குடுக்கிறேன். அவ ஃபைல்ல வைங்க.”

“ஸ்டாஃப் ஃபைல்ல பேஷண்ட் எழுதினத வைக்க முடியாது.” எனக்காக இரங்கினார் போலும். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தார். “இதுல வேணும்னா எழுதிப் பெட்டியில போடுங்க.”

நோயாளிகளின் கருத்துப் படிவம் அது. எங்கள் சேவை எப்படி என்று கேட்டு, சிரிக்கும் முகம் ஒன்று, சும்மா இருக்கும் முகம் ஒன்று, அழும் முகம் ஒன்று போட்டிருந்தது. கீழே, பிற கருத்துகள் என்று மூன்று கோடுகள். அந்த மூன்று கோடுகளுக்குள் என் குற்றத்தை அடக்கி எழுதினேன். எந்த முகத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு முகத்தையாவது தேர்ந்தெடுக்காத படிவம் செல்லாது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

தாமரைக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது; வேலை பிழைத்தது. ஆனால் நிறுக்கும் வேலையிலிருந்து எடுத்து, விரிப்பு துவைக்கவும் தரை துடைக்கவும் விட்டார்கள். என் பக்கம் துடைக்கும்போது தலை நிமிராமல் துடைத்தாள்.

நவம்பர் கடைசியில் கந்தப்பு திரும்பி வந்தார். எதிர் இருக்கையில் அவரைச் சாய்த்தபோது கழுத்துக் குழாயின் இரு முனைகளும் சட்டைக்கு வெளியே கிடந்தன. தாமரை வாளியோடு அந்தப் பக்கம் வந்தாள். “அங்கிள்...” என்றாள்.

“நீ என்னை நிறுக்க வேண்டாம் பிள்ளை,” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

“இல்ல அங்கிள். இப்ப நான் தரைதான்.”

அவள் போன பிறகு என்னைப் பார்த்தார். “கார்த்திகேசு. நீர்தானே அவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது?”

“ஓம்.”

“உம்மட கணக்குத்தான் இப்ப என்ர கழுத்தில தொங்குது.”

மன்னியும் என்று சொல்ல நினைத்து, அதைச் சொன்னால் அவர் பதில் சொல்லியாக வேண்டுமே என்று விட்டுவிட்டேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் தாமரை குப்பைத் தொட்டியை எடுக்க வந்தபோது, தேர்வு எப்போது என்று கேட்டேன்.

“எழுதப் போறதில்ல அங்கிள்.”

“பணம் கட்டி, பேரு பதிஞ்சு—”

“கழிக்கவே கை வரல அங்கிள். மைனஸ் போட்டா அந்த அங்கிள் மூஞ்சிதான் தெரியுது. அவரு கழுத்துல டியூப் தொங்க, நான் நர்ஸ் ஆகப் போறேன்னு புக்கத் தூக்கிட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கும்?” பையைக் கட்டினாள். “அப்படியே விட்டுடுங்க.”

விட்டுவிட்டேன். அதற்கு மேல் அவளிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் எழுதாமல் போனால் கந்தப்புவின் கையோடு இன்னொன்றும் என்னால் கெட்டதாகும். எழுது என்று நெருக்கினால், மறுபடியும் அட்டையை விடாமல் பிடித்துக்கொண்ட அதே கிழவன்தான்.

டிசம்பர் நடுவில், எங்களைப் பூட்டிவிட்ட பிறகு, அவளாகவே வந்தாள். கையில் பழைய பாடப்புத்தகம். உட்காரவில்லை. புத்தகத்தை என் மடியில் திறந்து வைத்து, ஒரு வரியில் விரலை ஊன்றினாள்.

“இது என்ன அங்கிள்?”

தீர்த்துக் காட்டிய ஒரு கணக்கு. விடைக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘செமாக்’ என்று ஒரு தலைப்பு. சரிபார் என்பதற்கு மலாய்ச் சொல். கண்டுபிடித்த விடையை முதல் சமன்பாட்டில் x இருந்த இடத்தில் வைத்து, இரு பக்கமும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கும் வரி அது.

“செமாக்,” என்றேன்.

“வாசிக்கத் தெரியும். எல்லாக் கணக்குக்கும் கீழ இது இருக்கு. நேத்து புக்க எடைக்குப் போடலாம்னு எடுத்தேன், அப்பதான் பாத்தேன். நீங்க ஒரு தடவகூட இதச் சொல்லல.”

“நேரம் இல்லைன்னு...”

“நேரம் இல்லன்னு நானும்தான் வெறும் வீல்சேர மேடைல ஏத்தல.” அவள் கண் நிறைந்தது. குரல் மட்டும் உடையவில்லை. “கழிக்கக் கத்துக் குடுத்தீங்க, பெருக்கக் கத்துக் குடுத்தீங்க. வந்த விடைய நம்பாதேன்னு ஏன் அங்கிள் கத்துக் குடுக்கல?”

ஆற்று மட்டத்தை நான் ஒரே ஒருமுறை மட்டும் வாசித்து எழுதியதே கிடையாது. வாசித்துப் பென்சிலால் எழுதிவிட்டு, எழுதியதைப் பாராமல் மறுபடி படியிறங்கிப் போய் அளவுகோலை வாசிப்பேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் மையால் எழுதுவேன். முப்பத்தாறு ஆண்டுகள் எனக்காக நான் செய்ததை அவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கணக்குகள் வேகமாக நகர வேண்டும், அவள் அசந்துபோய் என்னைப் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அந்த ஒரு வரியை வேண்டுமென்றேதான் தாண்டினேன்.

“தப்புத்தான் தாமரை,” என்றேன். “சொல்லியிருக்கணும்.”

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அன்னிக்குப் போட்ட கடைசிக் கணக்கு ஞாபகம் இருக்கா?”

சொன்னேன். எழுதினாள். 4(x − 2) = 3x + 7. பக்கத்தில் x = 15.

“பதினஞ்ச உள்ள வைக்கிறேன். லிஃப்டுக்குள்ள பதினஞ்சுல ரெண்டு போனா...” பேனா நின்றது. விரலால் மடியில் ஒவ்வொன்றாக எண்ணினாள். “பதிமூனு. நாலு தடவ, அம்பத்திரண்டு. இந்தப் பக்கம், மூனு பதினஞ்சு நாப்பத்தஞ்சு. ஏழு சேத்தா...”

“சேத்தா?”

“அம்பத்திரண்டு.” பேனாவை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். “இது சரியாத்தான் அங்கிள் இருந்துச்சு. இது மட்டும் சரியா இருந்துச்சு.”

எதிரே கந்தப்பு விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதன் பிறகு நாங்கள் போட்ட கணக்குகள் பாதியாகக் குறைந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே செமாக். ஒத்துப்போகாவிட்டால் அவள் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்குவாள். எந்த வரியில் மேடை சாய்ந்தது என்று அவளே கண்டுபிடிப்பாள். நான் வாயைத் திறந்தால், “பேசாதீங்க, நான் பாக்குறேன்,” என்பாள். யாராவது அவளைக் கூப்பிட்டால், எந்த வரியில் இருந்தாலும் புத்தகத்தை மூடிவிட்டுப் போனாள். போ என்று சொல்வதற்குக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

புத்தாண்டுக்குப் பிறகு நடந்த தேர்வை எழுதினாள். ஏப்ரல் கடைசியில் முடிவு தபாலில் வந்தது: கணிதம், சி பிளஸ். கிரெடிட்தான். தாளை என்னிடம் நீட்டியபோது அவள் சிரிக்கவில்லை. “பத்துல ஒரு கணக்கு செமாக் பண்ண நேரம் பத்தல,” என்றாள்.

மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு சான்றுக் கடிதம் கேட்டார்கள். ராஜேஷ்குமார் நல்லபடியாகவே எழுதித் தயாராக வைத்திருந்தார். வாசித்துவிட்டு அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் நானும் அந்த அறைக்குப் போனேன்.

“வார்னிங் லெட்டர் பத்தி எழுத வேணாம்னு நானே விட்டேன்மா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“எழுதுங்க சார். நாளைக்கு ஊசியக் கையில குடுக்கப் போறவங்களுக்குத் தெரியணும் லா.”

“அப்படி எழுதினா என் பங்கையும் சேர்த்து எழுதுங்க,” என்றேன்.

தாமரை திரும்பினாள். “இது என் லெட்டர் அங்கிள். உங்க பேரு இதுல எதுக்கு?”

ராஜேஷ்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டச்சு செய்தார். எச்சரிக்கையின் தேதி, காரணம், எல்லாம் அதில் ஏறின. என் பெயர் ஏறவில்லை.

முதல் கல்லூரி இரண்டு வரியில் மறுத்தது. இரண்டாவது, இடம் நிரம்பிவிட்டது என்றது. அந்த இரண்டு கடிதங்களையும் அவள் என்னிடம் காட்டியபோது ஆறுதல் சொல்லப் போனேன். “விடுங்க, நான்தான எழுதச் சொன்னேன்,” என்று தடுத்துவிட்டாள். மூன்றாவது கல்லூரி நேரில் கூப்பிட்டது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான் நெடுநேரம் கேட்டார்களாம். எல்லாவற்றையும் சொன்னேன் என்றாள். எதைச் சொன்னாள், என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

ஜூலையிலும் கந்தப்புவின் கழுத்தில் குழாய் இருந்தது. வலது கையில் புதிதாகச் செய்த நரம்பு இன்னும் தேறவில்லை. ரோகிணியைத் தவிர வேறு யாரையும் தன்னை நிறுக்க விடமாட்டார். ஒருநாள் தாமரை அவர் இருக்கையடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவராகவே கேட்டார்.

“கடிதம் வந்ததோ?”

அவள் துடைப்பானோடு நிமிர்ந்தாள். நடந்ததற்குப் பிறகு அவர் அவளிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. “இன்னும் இல்ல அங்கிள்.”

“வராட்டி என்ர கையும் வீண், உன்ர படிப்பும் வீண்.” முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “போ, அங்கால ஈரமாக் கிடக்குது. ஆரும் வழுக்கி விழப் போறினம்.”

அவள் அந்த இடத்தைத் துடைத்தாள். உலர்ந்ததா என்று காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, குனிந்து கையாலும் தொட்டுப் பார்த்தாள்.

அவளைச் செப்டம்பர் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக மூன்றாவது கல்லூரி எழுதிய கடிதம் பண்டமாரான் வீட்டுக்கு வந்த நாள் 2025 ஜூலை 23, புதன்கிழமை.